எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப் போகிறேன்: பிஎச்டிக்கு விண்ணப்பிப்பதா, பி.எட். சேர்வதா?

மலையடிவாரம் | 14 செப்டம்பர் 2024, இரவு 9:50

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பி.எஸ்சி.யும் இங்கேதான். இதுவரை 84 சதவீதம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

எனக்குச் சூரிய இயற்பியல் மேல் ஆசை. பி.எஸ்சி. படிக்கும்போது கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனார்கள். கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் அங்கே வைத்துத்தான் கண்டுபிடித்தார் என்று சொன்னார்கள். எங்கள் மொட்டை மாடியில் இருந்து தெரிகிற மலை அது. போன வருடம் சூரியனை ஆராய இஸ்ரோவின் ஆதித்யா எல்1 விண்கலம் கிளம்பியதிலிருந்து ஆசை இன்னும் கூடிவிட்டது.

அப்பா பி.எட். சேரச் சொல்கிறார். முடித்தால் டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி முதுகலை ஆசிரியர் ஆகலாம் என்கிறார். வகுப்பில் பாதிப் பேர் அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர் சொல்வதில் தப்பும் இல்லை. ஆனால் எனக்கு மனசு ஒட்டவில்லை. நான் பிஎச்டிக்குத் தகுதியான ஆளா, விண்ணப்பிப்பது என்றால் இங்கேயா வெளிநாடா, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று ஒன்றும் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாதியில்_இறங்கியவன் | 14 செப்டம்பர், இரவு 11:20

நான் பிஎச்டியை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவன். வருத்தம் எல்லாம் இல்லை, இப்போது டேட்டா வேலையில் இருக்கிறேன், நன்றாகவே போகிறது. அதனால் கொஞ்சம் பச்சையாகப் பேசுகிறேன், கோவித்துக்கொள்ளாதீர்கள்.

தகுதி இருக்கிறதா என்பதைத் தேர்வு எழுதினால் அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். ஆய்வகத்தைச் சுற்றிப் பார்ப்பது திருவிழா. பிஎச்டி என்பது மறுநாள் காலையில் பந்தலைப் பிரிக்கிற வேலை. ஒரே மாதிரியான படங்களை ஆயிரக்கணக்கில் திறந்து, பழைய புகைப்படக் கண்ணாடித் தட்டில் இருப்பது தூசியா கரும்புள்ளியா என்று பிரித்து, எழுதிய நிரல் ஏன் ஓடவில்லை என்று ராத்திரி முழுக்கத் தேடி, கடைசியில் ஒரு கமா விடுபட்டதைக் கண்டுபிடிப்பது. இதில் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை என்று மூன்றாம் வருடத்தில் தெரிந்தது.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. கொடைக்கானலில் 1904 முதல் எடுத்த வெள்ளொளிச் சூரியப் படங்களை டிஜிட்டல் ஆக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். சும்மா இறக்கிக்கொள்ளலாம். ஒரு பத்து வருடப் படங்களை எடுத்து, புள்ளிகள் எந்த அட்சரேகையில் இருக்கின்றன என்று குறித்து, நீங்களே ஒரு பட்டாம்பூச்சி வரைபடம் (காலப்போக்கில் புள்ளிகளின் அட்சரேகை மாறுவதைக் காட்டும் படம்) போட்டுப் பாருங்கள். அதன் விடை உலகத்துக்கே தெரியும், ஆனால் நீங்கள் செய்து பார்க்க வேண்டும். நடுவில் சலித்துவிட்டால் பி.எட். ஒன்றும் கேவலம் இல்லை.

இருட்டறை | 15 செப்டம்பர், காலை 7:05

பெங்களூரில் வானியற்பியலில் பிஎச்டி செய்கிறேன். நானும் மாவட்டத் தலைநகரில் இருந்த ஓர் அரசுக் கல்லூரிதான், அதனால் அந்தக் கவலையை முதலில் தூக்கிப் போடுங்கள் தங்கச்சி.

இந்திய வழி ரொம்ப நேரானது. ஜெஸ்ட் என்று ஒரு தேர்வு, பிப்ரவரி வாக்கில் நடக்கும். இந்திய வானியற்பியல் நிறுவனம், புனேயில் உள்ள ஐயூகா என்ற வானியல் மையம், தரமணி கணித அறிவியல் நிறுவனம் என்று பல இடங்கள் அந்த மதிப்பெண்ணை வைத்து நேர்காணலுக்குக் கூப்பிடும். அகமதாபாத் பிஆர்எல் (இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம்) கையில்தான் உதய்ப்பூர் சூரிய ஆய்வகம் இருக்கிறது, அதையும் பட்டியலில் வையுங்கள். ஆதித்யாவின் விஈஎல்சி கருவியை உருவாக்கியது வானியற்பியல் நிறுவனம், சூட் கருவி ஐயூகாவுடையது. கொடைக்கானல் ஆய்வகமும் வானியற்பியல் நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது. ஆக, உங்கள் துறைக்கு இங்கேயே ஆள் இருக்கிறது.

கூடவே சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வைக் கட்டாயம் எழுதுங்கள். அதில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. விடுதி இல்லை என்றால் வீட்டு வாடகைப்படி தனி. ஜேஆர்எஃப் கிடைக்காமல் உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் வந்தாலும் கல்லூரி வேலைக்கு அந்தக் காகிதம் செல்லும். அப்பாவுக்கும் ஒரு பதில் ஆச்சு.

பனிக்காலம் | 15 செப்டம்பர், காலை 8:40

அமெரிக்காவில் பிஎச்டி நான்காம் ஆண்டு. அந்தப் பக்கத்துக் கணக்கை நான் சொல்கிறேன்.

ஒரு விண்ணப்பத்துக்கு 75 முதல் 125 டாலர் வரை. நம் காசில் ஆறாயிரத்தில் இருந்து பத்தாயிரம். ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வு இருபதாயிரத்துக்கு மேல், ஆங்கிலத் தேர்வு டோஃபலோ ஐஇஎல்டிஎஸ்ஸோ பதினைந்தாயிரத்துக்கு மேல். கோவிட்டுக்குப் பிறகு இயற்பியலில் நிறையத் துறைகள் ஜிஆர்இ கேட்பதில்லை, அதனால் கேட்காத இடமாகப் பார்த்துப் போடுங்கள். கட்டண விலக்கு கேட்டு எழுதினால் சில இடங்களில் தருவார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், நான் கேட்டேன். ஒரு அமெரிக்க விண்ணப்பத்தின் காசில் இந்தியாவில் ஜெஸ்ட், நெட், கேட் (GATE) என்று மூன்று தேர்வும் எழுதிவிடலாம் என்பதும் உண்மை.

பிஎச்டிக்குக் கல்விக் கடன் வாங்கவே வாங்காதீர்கள். கல்விக் கட்டணம் தள்ளுபடி, மேலே உதவித்தொகை, இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது வாய்ப்பு. சூரிய இயற்பியல் என்றால் கொலராடோ போல்டர், ஹவாய், மொன்டானா ஸ்டேட், நியூஜெர்சி என்ஜேஐடி என்று எண்ணி எடுக்கிற இடங்கள்தான். என்ஜேஐடிதான் பிக் பேர் சூரிய ஆய்வகத்தை நடத்துகிறது. பெரிய பெயராகத் தேடாமல், உங்கள் கேள்வியை யார் கேட்கிறார்கள் என்று தேடுங்கள். கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில் வரும்.

அப்பா_ஒருத்தர் | 15 செப்டம்பர், மதியம் 1:15

என் பெண் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்கிறாள். அப்பா தரப்பில் இருந்து பேசுகிறேன்.

அப்பாவிடம் "பிஎச்டி" என்று சொல்லாதே அம்மா. எங்கள் காதில் அது "இன்னும் ஐந்து வருடம் படிப்புச் செலவு" என்றுதான் விழும். மாதம் 37,000 ரூபாய் வரும், விடுதி உண்டு, வீட்டில் இருந்து ஒரு பைசா வேண்டாம் என்று சொல். நான் அதைக் கேட்டபிறகுதான் உட்கார்ந்து பேசினேன். கல்யாணப் பேச்சை எடுக்க ஒரு அத்தை எப்படியும் வருவார். அந்த அத்தையிடம் நீ பேசாதே, அப்பா பேசட்டும்.

ஜெர்மனியையும் பார். கோட்டிங்கனில் சூரிய மண்டல ஆராய்ச்சிக்கென்றே ஒரு மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது. எம்.எஸ்சி. முடித்தவர்களை நேராகச் சம்பளத்தோடு எடுக்கிறார்கள். என் பெண் விண்ணப்பித்தபோது கட்டணம் எதுவும் கட்டவில்லை. முதுகலை படிக்கப் போகிறவர்கள் விசாவுக்காக வங்கியில் முடக்கி வைக்கிறார்களே 11,904 யூரோ, சம்பள ஒப்பந்தம் கையில் இருந்தால் அந்தத் தலைவலி இல்லை.

மலையடிவாரம் | 3 நவம்பர் 2024, இரவு 10:30

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. படங்களை இறக்கிவிட்டேன். பைதான் தெரியாது, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பழைய தட்டுகளில் சூரியனுக்குக் குறுக்கே கம்பி போல ஒரு கோடு வருகிறது, என் நிரல் அதையும் புள்ளி என்று எண்ணிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்த அன்று சாப்பிட மறந்துவிட்டேன், அம்மா திட்டினார். வரைபடம் கோணல்மாணலாக ஏதோ வந்திருக்கிறது. பாதியில்_இறங்கியவன் அண்ணா, சலிக்கவில்லை.

அப்பா ஒரு வருடம் பார் என்று சொல்லியிருக்கிறார். ஜெஸ்ட், நெட், அப்புறம் வெளிநாட்டில் சில இடங்கள் என்று முடிவு.

இப்போது சிக்கல் பரிந்துரைக் கடிதம். மூன்று பேர் வேண்டும். துறைத்தலைவர் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். இன்னொரு மேடத்துக்குக் கல்லூரி மின்னஞ்சலே கிடையாது, ஜிமெயில்தான். ஒரு பல்கலைக்கழகத்தின் தளம் ஜிமெயிலை ஏற்க மாட்டேன் என்கிறது.

ரிட்டையர்டு_வாத்தியார் | 4 நவம்பர், காலை 6:10

நான் முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் இருந்தவன். நம் ஊர்க் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சு. "சின்சியர், ஒபீடியன்ட், ஹார்டுவொர்க்கிங்", கீழே வாழ்த்து. படிக்கிறவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. கூடவே ஒரு படிவம் வரும், அதில் இந்த மாணவர் மேல் 1 சதவீதமா, 5 சதவீதமா, 10 சதவீதமா என்று டிக் போடச் சொல்வார்கள். நம் ஆட்கள் எல்லாருக்கும் முதல் கட்டத்திலேயே டிக் போட்டுவிடுவார்கள், அதனால் அதற்கும் மதிப்பில்லை.

நீயே எழுதிக் கொடுக்காதே அம்மா. மூன்று கடிதமும் ஒரே கை எழுதியது என்று படிக்கிறவர்கள் பிடித்துவிடுவார்கள். அதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் குறிப்பு கொடு: அவரிடம் என்ன படித்தாய், ஆய்வகத்தில் எந்தச் சோதனை, எங்கே மாட்டிக்கொண்டாய், எப்படி வெளியே வந்தாய். அந்தக் கம்பிக் கோடு கதை இருக்கிறதே, அதைத் துறைத்தலைவரிடம் மடிக்கணினியைத் திறந்து காட்டு. கண்ணால் பார்த்ததை மனிதர் தானாக எழுதுவார். டைப் அடிக்க அலுப்புப்பட்டால், அவர் சொல்லச் சொல்ல யாராவது ஆய்வு மாணவர் அடித்துக் கொடுக்கட்டும்.

ஜிமெயில் விஷயத்துக்கு, அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுது. கல்லூரி முத்திரையோடு லெட்டர்ஹெட்டில் கடிதம் இருந்தால் பெரும்பாலும் வழி சொல்வார்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாருக்கும் நினைவூட்டு. நேரில் போ. வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு இருந்துவிடாதே.

கனடா_குளிர் | 4 நவம்பர், மாலை 6:45

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில. இங்கத்தைய முறை கொஞ்சம் வேற தங்கச்சி. ஆராய்ச்சி மாஸ்டர்ஸுக்கே கன இடங்களில காசு தருவினம். ஆனா பேராசிரியர் ஒருவர் "எடுக்கிறன்" எண்டு சொல்லாமல் கன இடங்களில விண்ணப்பம் நகராது. முதல்ல அவருக்கு ஒரு சின்ன ஈமெயில் போடுங்கோ, அஞ்சு வரி போதும், உங்கட வரைபடத்தையும் இணைச்சு விடுங்கோ. பதில் வராட்டி ரெண்டு கிழமையால இன்னொருக்கா. அதுக்கும் வராட்டி விட்டிட்டு அடுத்த ஆளைப் பாருங்கோ.

மலையடிவாரம் | 19 டிசம்பர் 2024, இரவு 11:55

எல்லாம் அனுப்பியாகிவிட்டது. எஸ்ஓபியில் (ஏன் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) முதல் வரி "சிறு வயது முதலே நட்சத்திரங்களைப் பார்த்து" என்று இருந்தது. பனிக்காலம் அக்கா தனிச்செய்தியில் அதை அடித்துவிட்டு, கம்பிக் கோட்டில் இருந்து ஆரம்பிக்கச் சொன்னார். இப்போது படித்தால் வேறு யாரோ எழுதியது போல நன்றாக இருக்கிறது.

மலையடிவாரம் | 2 மார்ச் 2025, அதிகாலை 3:20

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜெஸ்ட் போன மாதம் எழுதினேன், சுமார்தான். நெட்டும் இந்த வாரம்தான். வெளிநாட்டில் இருந்து வரிசையாக "இல்லை" வருகிறது. அங்கே பகல் என்பதால் எல்லா மெயிலும் நமக்கு நடுராத்திரியில்தான் வருகிறது. மெயிலில் முடிவைச் சொல்லவும் மாட்டார்கள், "உங்கள் விண்ணப்பத்தில் ஒரு மாற்றம் உள்ளது, உள்ளே சென்று பார்க்கவும்" என்று மட்டும் இருக்கும். கடவுச்சொல் மறந்து, புதிதாகப் போட்டு, ஓடிபி வாங்கி, உள்ளே போனால் "வருந்துகிறோம்". ஒருவர் மட்டும் ஜூமில் பேசினார், அதற்குப் பிறகு சத்தமே இல்லை. முடிவுகளைப் பதிவிடும் தளம் ஒன்றை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் இரண்டு பேர் பி.எட். கல்லூரி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் ஊர் சிரிக்க நிற்கப் போகிறேனோ என்று இருக்கிறது.

பனிக்காலம் | 2 மார்ச், காலை 4:05

இங்கே நேற்று மாலைதான், அதனால் உடனே பதில் போடுகிறேன். இந்த வருடம் நீ பார்க்கிற "இல்லை"யை வைத்து உன்னை எடை போடாதே. பிப்ரவரியில் இங்கே அரசு ஆராய்ச்சி நிதியில் கை வைத்துவிட்டது. என்ஐஎச் (தேசிய சுகாதார நிறுவனம்) மானியங்களில் கட்டடம், நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுக்கு 15 சதவீதம்தான் என்று அறிவித்து, வழக்கு நடக்கிறது. அது மருத்துவ ஆராய்ச்சி, நமக்கென்ன என்று நினைக்க முடியாது. பல்கலைக்கழகத்தின் கஜானா ஒன்றுதான். சில இடங்களில் பிஎச்டி சேர்க்கையையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நிறைய இடங்களில் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் துறையில் இந்த முறை எத்தனை பேரை எடுப்பது என்று பேராசிரியர்களுக்கே தெரியவில்லை.

அந்த முடிவுத் தளத்தை மூடு. மெயில் அறிவிப்பை ராத்திரி அணைத்து வை. காலையில் பல் தேய்த்துவிட்டுப் பார்த்தாலும் அதே பதில்தான் இருக்கும்.

பாதியில்_இறங்கியவன் | 2 மார்ச், காலை 9:30

ஊர் சிரிக்காது. ஊருக்குப் பிஎச்டி என்றால் என்னவென்றே தெரியாது. என் சித்தப்பா இன்னும் நான் டாக்டருக்குப் படித்துப் பாதியில் விட்டதாகத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மலையடிவாரம் | 6 ஏப்ரல் 2025, மாலை 5:15

இரண்டு செய்திகள். ஜெஸ்ட் ரேங்க் வந்துவிட்டது. இருட்டறை அண்ணா பார்த்துவிட்டு, நேர்காணலுக்குக் கூப்பிட வாய்ப்பு இருக்கிறது என்றார். ஆனால் நேர்காணல் எல்லாம் மே, ஜூனில்தான்.

இன்னொன்று, அமெரிக்காவில் காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஓர் இடத்தில் இருந்து சேர்க்கை வந்திருக்கிறது. முதல் வருடம் உதவித்தொகை உறுதி, "அடுத்த வருடங்களுக்கு நிதி நிலவரத்தைப் பொறுத்து" என்று எழுதியிருக்கிறார்கள். ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே நேர்காணலே நடக்காத நிலையில் அங்கே எப்படி முடிவு சொல்வது?

அப்பா_ஒருத்தர் | 6 ஏப்ரல், இரவு 8:00

கையில் வந்ததை விடாதே அம்மா. நேர்காணலில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்.

பனிக்காலம் | 6 ஏப்ரல், இரவு 9:10

சார், மன்னிக்கவும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாதாரண வருடமாக இருந்தால் சரி என்றிருப்பேன். இந்த வருடம் "நிதி நிலவரத்தைப் பொறுத்து" என்ற வரியை அப்படியே நம்ப வேண்டியிருக்கிறது. இரண்டாம் வருடம் பணம் நின்றால் கல்விக் கட்டணம் டாலரில் தலைமேல் விழும், விசாவும் ஆடும்.

முதலில் துறைக்கு எழுது: கற்பித்தல் உதவியாளர் பணி ஐந்து வருடத்துக்கு உறுதியா, எழுத்தில் தர முடியுமா. ஏப்ரல் 15 வரை அவர்கள் உன்னை நெருக்கக் கூடாது. உதவித்தொகையோடு வரும் சேர்க்கைகளுக்குப் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட தேதி அது. அங்கே 15 ராத்திரி என்றால் நமக்கு 16 காலை, அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்.

இருட்டறை | 6 ஏப்ரல், இரவு 10:40

நான் இங்கே இருப்பதால் இங்கே வா என்று சொல்வேன் என்று நினைப்பீர்கள். அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். உதவித்தொகை இங்கேயும் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும், நண்பர்களிடம் கைமாற்று வாங்கிய காலம் எனக்கும் உண்டு. ஆனால் தாமதமாகும், நிற்காது. விடுதி, சாப்பாடு நிற்காது. வீட்டில் இருந்து பணம் கேட்க முடியாத நம் மாதிரி ஆட்களுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

மலையடிவாரம் | 14 ஏப்ரல் 2025, பகல் 12:10

எல்லாருக்கும் சித்திரை வாழ்த்துகள். துறையில் இருந்து பதில் வந்தது. மரியாதையாக, நல்ல விதமாகவே எழுதியிருந்தார்கள். எழுத்தில் உறுதி தர முடியாதாம். அப்பாவிடம் அந்த மெயிலைத் தமிழில் சொன்னேன். "பாயசம் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று எழுதிவிடு" என்றார். எழுதிவிட்டேன். காத்திருப்பில் இருக்கிற வேறு யாருக்காவது போகட்டும்.

அழுகை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நேர்காணலும் போனால் அடுத்த வருடம் நெட்டும் ஜெஸ்ட்டும் மறுபடி எழுதுவேன், கோட்டிங்கனுக்கும் போடுவேன். அதற்குள் ஊரில் டியூஷன் எடுக்கலாம். பி.எட். விண்ணப்பத்தையும் வாங்கி வைக்கிறேன் என்று அப்பா சொன்னார், சரி என்றேன்.

இப்போது நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று சொல்லுங்கள்.

இருட்டறை | 14 ஏப்ரல், மாலை 4:30

முதல் கேள்வி எப்போதும் "உனக்குப் பிடித்த பாடம் எது". வாயில் வந்ததைச் சொல்லாதீர்கள், சொன்ன பாடத்திலேயே அரை மணி நேரம் தோண்டுவார்கள். மின்காந்தவியல் என்றால் மாக்ஸ்வெல்லில் ஆரம்பித்துப் பலகையில் எழுத வைப்பார்கள். சூரியன் என்று சொல்லப் போகிறீர்கள், அதனால் சாஹா சமன்பாடு, சீமன் பிளவு, பிரான்ஹோபர் கோடுகள் ஏன் கறுப்பாக இருக்கின்றன, சூரியனின் வெளி மண்டலமான கரோனா ஏன் மேற்பரப்பைவிடச் சூடு என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு முழு விடை அவர்களிடமும் இல்லை, என்னென்ன கருத்துகள் இருக்கின்றன என்று சொன்னால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, "இப்படி யோசிக்கலாமா" என்று ஆரம்பியுங்கள். அதைத்தான் பார்க்கிறார்கள். தமிழ் வழியில் படித்ததால் ஆங்கிலம் தடுமாறினால் ஒன்றும் ஆகாது, பலகையில் எழுதிக்கொண்டே பேசுங்கள்.

உங்கள் வரைபடத்தை ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள். அவர்களாகக் கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

மலையடிவாரம் | 14 ஏப்ரல், மாலை 6:20

சரி அண்ணா. போய்வரும் செலவு நாம்தான் பார்க்க வேண்டுமா?

இருட்டறை | 14 ஏப்ரல், மாலை 6:45

சில நிறுவனங்கள் ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன, எந்த வகுப்பு வரை என்று அழைப்புக் கடிதத்திலேயே இருக்கும். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் ஜெராக்ஸ் கடை தேட வேண்டாம்.